ஹேக்கர் என்னும் சொல்

வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைக் களவாடியவனையும், அரசாங்க இணையதளத்துக்குள் அத்துமீறிப் புகுந்தவனையும் நம் பத்திரிகைகள் தயக்கமின்றி ‘ஹேக்கர்’ என்று எழுதுவதைக் காணுந்தோறும், ஒரு வித்தையில் கைதேர்ந்தவர்கள் தம்முள் மதிப்புடன் வழங்கிவந்த பெயருக்கு இத்தகைய அபகீர்த்தி வந்து சேர்ந்ததே என்று என் மனம் வருந்துகிறது.

கோடரியால் தாறுமாறாகக் கொத்துவதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லே இதன் வேர். அதற்குப் புது உயிர் தந்தவர்கள், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாதிரி ரயில் சங்கத்து மாணவர்கள். யுத்த காலத்தில் அவசரமாக எழுப்பப்பட்ட மரக் கட்டடம் ஒன்றில், 1946-ல் தோன்றிய அச்சங்கத்தின் பெரிய மேசைமீது சின்னஞ்சிறு ரயில்கள் ஓடும். அந்த அழகில் லயித்தவர்கள் ஒரு சாரார். மேசைக்கு அடியில் குனிந்து புகுந்து, டெலிபோன் நிலையங்களுக்குரிய ரிலேக்களையும் கற்றை கற்றையான கம்பிகளையும் பிணைத்து, எந்த வண்டி எந்தத் தடத்தில் செல்லவேண்டும் என்பதை ஆளும் யந்திர அமைப்பைப் படைத்தவர்கள் மற்றொரு சாரார். ஒருவரும் ஏவாமல், மதிப்பெண்ணையும் லாபத்தையும் கருதாமல், வித்தையின்பால் கொண்ட மோகம் ஒன்றினாலேயே இவர்கள் செய்து பார்த்த வேலைக்குத்தான் ‘ஹேக்’ என்று பெயர். பீட்டர் சாம்சன் என்ற உறுப்பினர் 1959-ல் தொகுத்த சங்க அகராதியிலேயே அச்சொல் இடம்பெற்றுவிட்டது.

1958-ல் டி.எக்ஸ்-0 கணினி அக்கழகத்துக்கு வந்தபின், கம்பிகளைப் பிணைத்த கைகளிற் சில அதன் முன்னும் அமர்ந்தன. நினைவகத்தில் இடம் சொற்பம். ஆகையால் பத்து ஆணைகளில் ஆகும் காரியத்தை ஒன்பதில் முடித்துக் காட்டியவனுக்கே அங்கே பெருமை. 1962-ல் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி-1 கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டை ஆக்கியதும் இந்தச் சிரத்தையின் பலனே.

களங்கம் முழுவதும் வெளியார் பூசியது என்று நான் வாதிட வரவில்லை; தொலைபேசித் தொடர்புகளில் விஷமம் செய்தவர்களைக் குறிக்க 1963-லேயே அக்கழகத்து மாணவர் பத்திரிகை இச்சொல்லை ஆண்டிருக்கிறது. ஆனால் 1983-ல், ராணுவக் கணினிக்குள் நுழையும் சிறுவனைக் காட்டிய ‘வார்கேம்ஸ்’ திரைப்படமும், மில்வாக்கி நகரத்து இளைஞர் சிலர் பிறர் கணினிகளுக்குள் புகுந்து பிடிபட்ட செய்தியும் ஒருசேர வந்து, கிளைப்பொருளையே மூலப்பொருளாக்கிவிட்டன.

திருட்டைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சம் என்றைக்கும் இருந்ததில்லை. திருடன், மோசடிக்காரன், ஊடுருவியவன் ஆகியவற்றுள் எதைப் பிரயோகித்தாலும் வாசகருக்குச் செய்தி தெளிவாகவே விளங்கும். அச்சுக்குப் போகுமுன் ‘ஹேக்கர்’ என்பதை அடித்து அவற்றுள் ஒன்றை எழுத, உதவி ஆசிரியருக்கு ஒரு நிமிஷம் போதும்.