மாரியின் பெயருக்குப் பட்டா கேட்பவர்கள்

சின்னசேலத்தில் எங்கள் தெரு மாரியம்மனுக்கு ஆடிக்கூழ் ஊற்றுகிற அன்று ஒரு சண்டை தவறாமல் நடக்கும். "மாரின்னா மழை. சுத்தத் தமிழ். அவ்ளோதான்" என்பார் ஒருவர். "சமஸ்கிருதத்துல மாரீன்னா கொள்ளைநோய்" என்பார் இன்னொருவர். போன வருஷம் வரை நான் முதல் கட்சி. இப்போது இரண்டு கட்சிக்கும் எதிராக எழுதுகிறேன்.

ஒலி ஒத்துப்போனால் வேர் கிடைத்துவிட்டது என்கிற நம்பிக்கை ரொம்பப் பழையது. ரோமானியர்களின் வீனஸ் தேவியின் பெயரை, 'வருதல்' எனப் பொருள்படும் 'வெனீரே'யோடு முடிச்சுப் போட்டார் சிசரோ. எல்லாவற்றிடமும் வருபவளாம். லத்தீன் அவருக்குத் தாய்மொழி, இருந்தும் தப்பு. மொழியியலாளர்கள் சொல்லின் இலக்கணத்தைப் பார்த்தார்கள். 'வெனுஸ், வெனெரிஸ்' என்று அது வேற்றுமை ஏற்பது 'கெனுஸ், கெனெரிஸ்' போன்ற சொற்களின் வழியில். ஆக, விருப்பத்தைக் குறித்த ஒரு பழைய பொதுப்பெயர்தான் பிறகு தேவியாகியிருக்கிறது. வேதமொழியின் 'வனஸ்' அதற்கு உறவு. பக்கத்து ஆஸ்கன் மொழியில் அதே தேவிக்கு 'ஹெரெந்தாஸ்' என்று பெயர். அதுவும் 'விரும்பு' என்கிற வினையிலிருந்து வந்ததுதான். ஒலி, இலக்கணம், அண்டைமொழிச் சாட்சி மூன்றும் சேர்ந்த பிறகுதான் தீர்ப்பு.

நம்ம மாரிக்கு இந்த விசாரணையை நடத்தினோமா? சங்கப் பாடல்களில் மாரி மழைதான், மறுக்கவில்லை. ஆனால் சொல் இருந்ததாலேயே தெய்வத்தின் பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று ஆகிவிடாது. மழைக் கட்சிக்காரரே, அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியது எதற்கு? நோய்க் கட்சிக்காரரே, மராட்டியத்தில் காலராவுக்கு மரீஆயியைக் கும்பிட்டது உங்களுக்கு நல்ல சாட்சிதான். அப்புறம் இங்கே மழை வேண்டி அவளுக்குக் கூழ் ஊத்துறது ஏன்?

என் ஆயா பெரியம்மைக்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர். "ஆத்தா வந்தா, தூக்கிட்டுப் போயிட்டா" என்றுதான் கடைசிவரை சொன்னார். 1980ல் உலகத்தை விட்டே பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆயா கூழ் ஊற்றுவதை நிறுத்தவில்லை. கொண்டுபோனவளும் குளிர வைப்பவளும் அவருக்கு ஒருத்திதான்.

பெயரை நிலப் பட்டா மாதிரி கையில் பிடித்துக்கொண்டு அலைபவர்கள், அவளில் பாதியை வெட்டிப்போட்டுவிட்டு மீதியை வேர் என்கிறார்கள். வெட்டிப்போட்ட பாதியில் ஆயாவின் துக்கமும் கிடக்கிறது. என் கோபம் அதற்குத்தான்.

அடுத்த ஆடிக்கும் சண்டை போடலாம், தப்பில்லை. ஆனா ஒலியை மட்டும் தூக்கிட்டு வராதீங்க, சாட்சியோட வாங்க.