பொழுதுபோக்கு அன்று, உழைப்பு

நம் வீடுகள் பலவற்றில் கையால் பின்னிய பொருள் ஒன்றேனும் இருக்கும். மேசைமேல் விரித்த வெள்ளை லேஸ், பேரக்குழந்தைக்குப் பாட்டி பின்னிய கம்பளித் தொப்பி, வாசற்கதவில் தொங்கும் நூல் தோரணம். விருந்தினர் யாரேனும் வியந்து கேட்டால், "அம்மா சும்மா இருக்கும் நேரத்தில் பின்னியது" என்று பெருமையோடு கூறுவோம். அந்தப் பெருமைக்குள் ஒரு பிழை இருக்கிறது. சமையலும் துவையலும் முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பிறகு விளக்கடியில் அமர்ந்து பின்னியவரைச் சும்மா இருந்தவர் என்பது எப்படிப் பொருந்தும்?

இந்தச் சொல் வீட்டுக்குள் மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒரு தொழிலின் கூலியையே குறைத்துவிடும் வலிமை அதற்கு உண்டு. ஆந்திரத்தின் நரசாபூர் இதற்குச் சான்று. கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள இவ்வூருக்கும் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கும் 19ஆம் நூற்றாண்டில் கிறித்துவ மறைப்பணியாளர்கள் வாயிலாக லேஸ் பின்னல் வந்தது. ஒற்றைக் குரோஷா ஊசியும் பருத்தி நூலுமே கருவிகள். முகவர்கள் நூலைக் கொண்டுவந்து தருவார்கள். பெண்கள் வீட்டிலிருந்தே பின்னித் தருவார்கள். அது கடல்கடந்து விற்பனைக்குச் செல்லும். இன்று அந்த லேஸ் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

இப்பெண்களின் வாழ்வை ஆராய்ந்த ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ், 1982இல் அதை நூலாக வெளியிட்டார். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்தும் இவர்கள் தொழிலாளர்களாகக் கருதப்படவில்லை. இல்லத்தரசிகளின் ஓய்வுநேர வேலை என்றே அந்த உழைப்பு மதிப்பிடப்பட்டது. கூலியும் அதற்கேற்ப மிகச் சொற்பமாக இருந்தது என்பதே அவர் கண்டது. ஓய்வு என்று பெயர் சூட்டியதும் உழைப்பின் விலை இறங்கிவிட்டது.

"அன்பினால் செய்வதற்கு விலை பேசலாமா?" என்று சிலர் கேட்கலாம். பேரனுக்குப் பின்னிய தொப்பிக்கு எவரும் விலைச்சீட்டு ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் விற்பனைக்கு வைத்த பொருளில் அன்பைக் காரணம் காட்டி நேரத்தைக் கழித்துவிடுவது நீதியாகாது. நூலின் விலையோடு, பின்னிய மணிநேரங்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால்தான் அடக்க விலை புலப்படும். வாங்குவோராகிய நாமும், பெரிய கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றித் தந்துவிட்டு, கைவினைப் பொருளுக்கு மட்டும் பேரம் பேசும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

வந்த தொகை எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். பின்னியவர் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கட்டும். வீட்டுச் செலவில் கரைந்து தடமின்றிப் போகும் வருவாய், அங்கே பதிவாகிறது. சிறுதொகையே ஆயினும் மாதந்தோறும் தவறாமல் வரவு வைக்கப்பட்டால், நாளை கடன் கேட்டுச் செல்லும்போது அதுவே அவருக்காகப் பேசும். பெண்கள் பலர் இணைந்தால் சுயஉதவிக் குழுவாக வங்கியை அணுகலாம். 1992இல் தொடங்கிய குழு-வங்கி இணைப்புத் திட்டம் இதற்கென்றே வந்தது.

எனினும் முதல் மாற்றம் வங்கியில் அன்று, வீட்டுக் கூடத்தில் நிகழ வேண்டும். அந்த மேசை விரிப்பைப் பின்னி முடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று இன்றே அம்மாவிடம் கேட்டறிவோம். அடுத்த விருந்தினர் வரும்போது, சும்மா என்ற சொல்லுக்குப் பதிலாக அந்த நாள்களின் எண்ணிக்கையைச் சொல்வோம்.