கனவில் வராத ஊர்

ஹைதராபாத்தின் நாச்சாரத்தில் ஓய்வுபெற்ற தமிழர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், சர்க்கரை அளவுக்கு அடுத்தபடியாக விசாரிப்பது விசாவைப் பற்றித்தான். 2008இல் ஹைதராபாத்திலேயே அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கும்வரை, இதற்காகச் சென்னைக்கு ரயிலேறி ஜெமினி மேம்பாலத்தருகே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. புறப்படும் முன் சில்கூர் பாலாஜியை 11 சுற்று. விசா கிடைத்துவிட்டால் 108. முன்பணம் கொஞ்சம், பாக்கிதான் அதிகம்.

பலருக்கு வெளிநாட்டு ஆசை சினிமாக் கொட்டகையில் தொற்றியது. 1973இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில் எம்.ஜி.ஆர். ஒஸாகாவின் எக்ஸ்போ 70 கண்காட்சியையும் ஹாங்காங்கையும் சுற்றிக் காட்டினார். அன்னியச் செலாவணிக் கட்டுப்பாட்டில், கையில் ஒருசில டாலர்களோடு விமானமேறிய காலம் அது. கொட்டகையோடு திருப்திப்பட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து நியூஜெர்ஸி போன பிறகுதான் ஆசை நிறைவேறியது, 60 வயதுக்கு மேல், முழங்கால் வலியோடு.

இத்தனை காலம் கனவு கண்ட நகரத்தை யாரும் பார்ப்பதில்லை, சரிபார்க்கிறார்கள் என்றே தோன்றுகிறது. வங்க எழுத்தாளர் நீரத் சௌத்ரி முதன்முறையாக இங்கிலாந்து போனது 1955இல், 57வது வயதில். கிஷோர்கஞ்சில் பிறந்து, புத்தகங்களிலேயே அந்த நாட்டில் வாழ்ந்தவர். ஐந்து வாரம் தங்கினார். 1959இல் புத்தகம் வந்தது. படித்த இங்கிலாந்தும் பார்த்த இங்கிலாந்தும் எங்கே பொருந்துகின்றன என்ற தேடல் அதில் சுவையாக ஓடுகிறது. ஆனால் மனிதர்கள் பெரும்பாலும் ஒரு நாகரிகத்தின் மாதிரிகளாகவே வந்துபோகிறார்கள்.

நாச்சாரத்துக்குப் பக்கத்தில் செகந்திராபாத்தில் வளர்ந்த அசோகமித்திரனுக்கு வாய்த்ததோ அயோவா. எம்.ஜி.ஆர். படம் வந்த அதே 1973இல், உலக எழுத்தாளர் முகாமுக்காகப் போனார். மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழக ஊர். யார் கனவிலும் வராதது. சரிபார்க்க எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, 'ஒற்றன்' நாவலில் பிற நாட்டு எழுத்தாளர்களின் தனிமையும் கோபமும் அசட்டுத்தனமும் அவ்வளவு கிட்டத்தில் தெரிகின்றன. அமெரிக்காவை அறிய நியூயார்க் பற்றிய பத்துப் பயணக் கட்டுரைகளைவிட இதையே சிபாரிசு செய்வேன்.

நாச்சாரம் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் மனைவியோடு நியூஜெர்ஸி போய்வந்தார். முப்பது வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தது சுதந்திர தேவி சிலையை. "படத்துல இருந்ததைவிடச் சின்னதா இருக்கு சார்" என்றார். அவ்வளவுதான். நியூயார்க் ஒரு பகலில் முடிந்துவிட்டது. மிச்சமிருந்த ஆறு மாதமும் பேரனின் தள்ளுவண்டி, ஜன்னல், பனி.

அந்த அம்மாள் வேறு கதை சொன்னார். எதிர்வீட்டில் தனியாக இருந்த ஒரு கிழவர் தினமும் காலையில் வாசல் பனியை மண்வெட்டியால் தள்ளுவார். இவர் ஜன்னலிலிருந்து கையசைப்பார், அவரும் அசைப்பார். பெயர் தெரியாது, பாஷை தெரியாது. ஒருநாள் அவர் வாசலில் பனி அப்படியே கிடந்தபோது மகளை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார். வெறும் ஜலதோஷம்தான். மிளகு ரசம் போனது.

இன்னும் ஞாயிற்றுக்கிழமை போனில் மகளிடம் கேட்கிறார்: "எதிர்வீட்டுத் தாத்தா வாசலுக்கு வந்தாரா?"