கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்

மூளை வாதம் உள்ள பிள்ளையைப் படுக்கவைத்துச் சோறு ஊட்டினால் புரையேறும். நிமிர்த்தி, தலையைத் தாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் அடுப்பு புகைய, மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அவசரப்பட, அந்தத் தாய் இதை முடித்துவிட்டுத்தான் பிரட்டுக்கு ஓடுகிறாள். கிலோ குறைந்தால் அரைப்பேர். கிளினிக் போனால் அதுவும் இல்லை.

கைகால் இறுகாமலிருக்கத் தினமும் பயிற்சி வேண்டும், கிளினிக் தவறக்கூடாது. கர்மவினை என்று லயத்தில் பேசுகிறவர்களை என்ன சொல்வது! அது மூளையில் ஏற்பட்ட பாதிப்பு.

ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் வந்தது 1996இல். கிளினிக் நாளுக்குப் பேர் போடவும், பிள்ளை மடுவத்தில் இந்தப் பிள்ளைகளையும் சேர்க்கவும் தலைவர்மார் துரையிடம் பேச வேண்டும். சம்பளப் பேச்சு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், அடுத்த மாதக் கூட்டத்திலேயே எடுங்கள்.