ஆலைக்கு நிலம் எடுக்கும்போதே ஆடுகளத்துக்கும் எடுங்கள்

2023 பிப்ரவரி 2 அன்று ஓசூரை அடுத்த கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்காகக் கூடியவர்கள், அனுமதி உறுதியாவதில் ஏற்பட்ட இழுபறியால் ஆத்திரமடைந்து பெங்களூரு – கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். பல மணி நேரம் போக்குவரத்து முடங்கியது. கல்வீச்சில் வாகனங்கள் சேதமடைந்தன; போலீஸார் தடியடி நடத்தினர். வழியில் சிக்கிய பயணிகள் மீது கல் விழுந்ததை எந்தப் பாரம்பரியத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால், வழக்குப் பதிந்ததோடு விஷயம் முடிந்துவிட்டதாக மாவட்ட நிர்வாகம் நினைத்தால் அது தவறு. ஆண்டுதோறும் நடக்கும் ஒரு விழாவுக்கு எந்த இடம், எந்தத் தேதி என்பது விடிந்த பிறகும் தெரியாத நிலைதான் அந்தக் கூட்டத்தைச் சாலைக்கு இழுத்தது. ஆலைகள் பெருகிவரும் இந்த ஓசூர்த் தொழில் மண்டலத்தில் விளையாட்டுக்கென்று உறுதியான இடம் எதுவும் இல்லை. மாடு ஓடுவதற்கும் இல்லை. பிள்ளைகள் ஓடுவதற்கும் இல்லை.

எருது விடும் விழாவை மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டோடு சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. 2017-இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தமும் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா அனைத்தையும் ஜல்லிக்கட்டு என்ற ஒரே வரையறைக்குள் வைத்தது. சட்டப் பாதுகாப்புக்கு அது உதவியது. ஆனால் ஆட்டம் வேறு. இங்கே வாடிவாசலில் திமிலைத் தழுவுவது இல்லை. கொம்புகளுக்கு நடுவே வண்ணத் துணி சுற்றிய தட்டியைக் கட்டி, பரிசை அதில் வைத்து மாட்டை ஓட விடுவார்கள். பாய்ந்து வரும் மாட்டின் தலையிலிருந்து தட்டியைப் பறிப்பவனுக்குப் பரிசு. பறிகொடுக்காமல் கடந்துபோகும் மாட்டுக்கு ஊரெல்லாம் பெயர். எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பக்கத்து ஊர்களிலும் ஏறக்குறைய இதே ஆட்டம்தான். ஓடி முடித்த மாடு வேகம் தணிந்து நிற்கவும், உரிமையாளர் அதைப் பிடித்துக் கட்டவும் நீண்ட திறந்தவெளி வேண்டும். அறுவடை முடிந்த வயலும் மந்தைவெளியும் அதைத் தந்துவந்தன. இன்று ஒரு பக்கம் மனைப்பிரிவுக் கற்கள், மறு பக்கம் சாலை என்று வெளி குறுகிவிட்டதால், மாடு ஓடும் பாதையிலேயே கூட்டம் நிற்கிறது. தட்டியைத் தொடவே நினைக்காத, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் குத்துப்பட்டுச் சாகிறார்கள்.

உயிர் போகிற, மிருகத்தை வதைக்கிற ஒன்றுக்கு இடம் வேறு ஒதுக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததும் இந்தக் கவலையால்தான். 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழகச் சட்டத்தைச் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்ட பிறகு, அடுத்த கேள்வி இவ்விழா நடக்கலாமா என்பதல்ல, எப்படி நடக்க வேண்டும் என்பதே. வாலை முறுக்குவதையும் மிளகாய்ப்பொடி தூவுவதையும் தடுக்க வேண்டுமானால், கால்நடை மருத்துவர் ஒவ்வொரு மாட்டையும் பார்த்து அனுப்பும் ஒற்றை நுழைவாயில் வேண்டும். பார்வையாளர்களைக் காக்க இரட்டைத் தடுப்பு வேண்டும். இரவோடு இரவாகக் கம்பு நட்டுக் கயிறு கட்டிய தரிசில் இவை எதுவும் நடக்காது. நிரந்தரத் திடல் இருந்தால்தான் நடக்கும். மிருகநேயர்களின் கோரிக்கையும் காளை வளர்ப்போரின் கோரிக்கையும் சந்திக்கும் இடம் இது.

அதே மந்தைவெளியில்தான் ஆண்டின் மற்ற நாள்களில் கபடிக்குக் கோடு கிழித்தார்கள், வாலிபால் வலை கட்டினார்கள், கிரிக்கெட் ஆடினார்கள். பாரம்பரிய விளையாட்டா, நவீன விளையாட்டா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவோர் இதைப் பார்ப்பதில்லை. 1970-களில் ஓசூரில் தொடங்கிய, மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் விரிவாக்கம் இன்று சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி வரை வந்துவிட்டது. வேலைவாய்ப்பு வந்தது, அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆலைகளின் பின்னால் வந்த வீட்டுமனைகள் மீதி வெளியையும் விழுங்கின. பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விட வேண்டும் என்பது விதி. அந்த நிலம் எந்த மூலையில் ஒதுக்கப்படுகிறது, பந்து உருளும் அளவுக்கேனும் இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. கிராமப் பொதுநிலங்களை மீட்டுப் பாதுகாக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னதையும் இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற மாநில அரசின் திட்டம் நல்ல திட்டம். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் கிராமத்துப் பிள்ளைகளை மேடைக்குக் கொண்டுவருகின்றன. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஆறு தொகுதிகளுக்கு ஆறு அரங்கங்கள் போதும் என்று வாதிடுவோர், அஞ்செட்டிப் பகுதியில் ஒருமுறை பேருந்துக்குக் காத்திருந்து பார்க்கட்டும். மலையடிவாரத்துச் சிறுமி பள்ளி விட்டுத் தேன்கனிக்கோட்டைக்குப் போய்ப் பயிற்சி முடித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியாது. பெண் பிள்ளைகளின் விளையாட்டை முதலில் முடிவுக்குக் கொண்டுவருவது இந்தத் தூரம்தான். 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் கார்த்திகா, சென்னைக் கண்ணகி நகரில் தன் குடியிருப்பிலேயே பயிற்சி பெற்று வளர்ந்தவர். நடந்து போகும் தொலைவில் களம் இருந்தது. ஆலைகளில் ஷிப்டு வேலை பார்த்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்களுக்கும் இதே தேவை உண்டு. வேலை முடிந்து அறைக்குத் திரும்பினால், வெளியே கால் வைத்து ஆட அவர்களுக்கு என்ன இருக்கிறது?

பணமில்லை என்ற பதில் இந்த மாவட்டத்தில் எடுபடாது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அச்சட்டத்தின் ஏழாவது அட்டவணை கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று நாடறிந்த பெயர்கள் இயங்கும் மண் இது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே ஜெர்சி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, மாவட்ட ஆட்சியர் தலைமையில் நிதியைத் திரட்டி ஊராட்சிதோறும் பயிற்றுநரின் சம்பளத்துக்கும் களப் பராமரிப்புக்கும் ஒதுக்குவது மேல். சுற்றுச்சுவரும் பெயர்ப்பலகையும் கட்டிவிட்டு ஆளில்லாமல் பூட்டிவைக்கும் மைதானம் வேண்டாம்.

பணத்தைத் திரட்டிவிடலாம், நிலம் போனால் திரும்பாது. ஆகவே, தொழிலுக்காக வெளியிடப்படும் ஒவ்வொரு நிலமெடுப்பு அறிவிப்பிலும், பாதிக்கப்படும் ஊர்களுக்கான திடலின் சர்வே எண்ணும் இடம்பெற வேண்டும். அந்த நிலம் ஊராட்சியின் பெயரில் பதிவான பிறகே ஆலைக்கான நிலம் கைமாற வேண்டும். எருது விடும் விழாக்களுக்குச் சட்டம் ஜனவரி முதல் மே வரை காலம் தருகிறது. எந்த ஊரில், எந்தத் திடலில், எந்தத் தேதியில் என்ற அட்டவணையை மாவட்ட நிர்வாகம் டிசம்பருக்குள் வெளியிட்டால், அனுமதி மறுக்கப்படும் ஊருக்கும் காரணம் கேட்டு மேல்முறையீடு செய்ய நாள் இருக்கும். நிலமெடுப்பும் இதோடு நிற்கப்போவதில்லை. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. உத்தனப்பள்ளிப் பகுதியில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து உழவர்கள் வீதிக்கு வந்ததும் அண்மைக் காலத்தில்தான். இனி அளவைக் கற்கள் நடப்படும் ஊர்களிலிருந்து, ஆலை நிலத்தோடு திடலையும் எடுக்கும் நடைமுறையைத் தொடங்குவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.