தையல் இயந்திரம் வழங்கி வைக்கப்பட்டது

பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த நாற்பது ஆண்டுகளில் ஒரே படத்தைப் பல நூறு தடவைகள் அச்சுக்கு அனுப்பியிருக்கின்றேன். நடுவில் ஒரு தையல் இயந்திரம். அதன் ஒரு பக்கத்தில் மாலை அணிந்த பிரமுகர். மறுபக்கத்தில் தலைகுனிந்து நிற்கும் ஓர் இளந்தாய். அவரது இடுப்பில் ஒரு குழந்தை. கீழே, "தையல் இயந்திரம் வழங்கி வைக்கப்பட்டபோது எடுக்கப்பட்ட படம்" என்று ஒரு வரி. ஊரும் பெயரும் மாத்திரம் மாறும். 2009 இல் போர் முடிந்த பின்னர் வடக்கு, கிழக்கிலிருந்து இத்தகைய படங்கள் ஓயாமல் வந்தன. இலண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து உறவுகள் அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்ட இயந்திரங்கள் அவற்றுள் பல.

கொடுத்தவர்களின் நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த இயந்திரம் வீட்டுக்குப் போன பிறகு அந்தத் தாய்க்கும் அந்தக் குழந்தைக்கும் என்ன நடந்தது என்று பார்த்துவர ஒரு தடவையாவது ஒரு நிருபரை நான் அனுப்பியதில்லை. அந்தக் குறையை உணர்த்தியது அண்மையில் கிராண்ட்பாஸில் நான் கண்ட ஒரு வீடு.

வெளிநாடுகளில் இருந்து படிப்பவர்களுக்காகச் சில வார்த்தைகள். கிராண்ட்பாஸ் கொழும்பு 14. களனி ஆற்றைக் கடக்கும் பெருந்துறையாகப் போர்த்துக்கேயர் காலத்தில் பெயர் பெற்ற இடம். வீரகேசரி அலுவலகம் நெடுங்காலம் இயங்கியதும் இங்கேதான் என்பதால் பத்திரிகைக்காரர்களுக்கு இது பழகிய வீதி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே ஒழுங்கைக்குள் சுவரோடு சுவராக வாழும் தோட்டங்கள் இங்கு உண்டு. தோட்டம் என்றதும் மரம் செடிகளை நினைத்துவிடாதீர்கள். ஒரு பொதுக் குழாயையும் ஒரு குறுகிய வழியையும் பகிர்ந்துகொள்ளும் சிறு வீடுகளின் வரிசையைத்தான் கொழும்பில் அவ்வாறு சொல்கிறோம். மலையகத்தில் இருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் பல இவற்றில் இருக்கின்றன. புறக்கோட்டையின் துணிக்கடைகள் முச்சக்கர வண்டியில் எட்டிவிடும் தூரம். கடைகளுக்காக வெட்டிய துணி மூட்டை மூட்டையாக இந்த வீடுகளுக்கு வருகிறது. சட்டையாகத் திரும்பிப் போகிறது.

நான் சென்ற வீட்டில் ஒரே அறை. சுவரோரம் தையல் மெஷின். அதற்கு ஒரு கை தூரத்தில் ஏணை கட்டியிருந்தது. அதனுள் ஒன்றரை வயதுக் குழந்தை. தாய் தைத்துக்கொண்டிருந்தது கைக்குழந்தைகளுக்கான சட்டைகள். பேசுவதற்கு வசதியாகச் சற்று நிறுத்தலாமே என்றேன்.

"மெசின் நின்னா புள்ள எழும்பிரும் ஐயா" என்றார் அவர், காலை மிதியில் இருந்து எடுக்காமலே.

அந்த ஒரு வசனம் என்னோடு கூடவே வந்தது. பிள்ளை பிறந்த நாளில் இருந்து மெஷின் சத்தத்தில் உறங்கிப் பழகிவிட்டது. சத்தம் நின்றால் விழித்துக்கொள்ளும். விழித்தால் தவழ்ந்து வரும். கீழே கத்தரிக்கோல், ஊசி, மூலையில் சூடான இஸ்திரிப் பெட்டி. எனவே அது உறங்கும்போதெல்லாம் அவர் தைக்க வேண்டும். அவர் தைக்கும்வரைதான் அது உறங்கும். அவர் எப்போது உறங்குகிறார் என்று நான் கேட்டதற்குச் சிரித்தார்.

இந்த வாழ்க்கைக்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. 'சமநிலை' என்கிறோம். 'பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, கைத்தொழிலையும் செய்துகொண்டு, வீட்டையும் தொழிலையும் சமநிலைப்படுத்தும் சாதனைப் பெண்' என்று மகளிர் பக்கங்களில் எழுதுகிறோம். நானும் எழுதினேன், எழுதச் செய்தேன். 'ஓய்வு நேரத்தில் வருமானம்' என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தவன் நான்தான். ஒன்றரை வயதுக் குழந்தையின் தாய்க்கு ஓய்வு நேரம் எங்கிருந்து வரும் என்று அன்று எனக்கோ, என் மேசைக்கு மேலே இருந்தவர்களுக்கோ கேட்கத் தோன்றவில்லை. அங்கே இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள்.

தராசில் இரண்டு தட்டுகள் இருந்தால்தான் சமநிலை. இந்த அறையில் தொழிலும் பிள்ளையும் ஒரே தட்டில் கிடக்கின்றன. மறுதட்டில் இருக்க வேண்டிய கடைக்காரரும் தரகரும் அரசாங்கமும் வீட்டு ஆண்களும் இறங்கிப் போய்விட்டார்கள். கணவர் உழைப்பாளிதான். ஆனால் அவர் வேலை முடிந்து வந்தால் அது வீடு. இவருக்கு வீடும் வேலைத்தலமும் ஒன்றே. வேலை முடியும் நேரம் என்று ஒன்று கிடையாது.

தையல் இயந்திரத்தைச் சுற்றி ஓர் அன்புக் கதை நெடுங்காலமாகவே உலவுகிறது. இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியடிகள் 1924 இல் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணச் சகியாமல், அன்பினால் சிங்கர் அதனை உருவாக்கினார் என்று அவர் கருதினார். வரலாறு வேறு. 1851 இல் தமது இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கர் வெவ்வேறு பெண்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர். அவரது அக்கறை வியாபாரத்தில் இருந்தது. அவரது கம்பனியின் பெரும் வெற்றிக்குத் தவணை முறை விற்பனை ஒரு முக்கிய காரணம். 1877 முதல் இலங்கையிலும் அந்தப் பெயர் இருக்கிறது. நம் தாய்மாரின் சீதனப் பட்டியலில் இடம்பிடித்த பெயர் அது. அன்பின் பெயரால் ஓர் இயந்திரத்தைப் புனிதமாக்கிவிட்டால், அதன் முன் அமர்ந்திருப்பவரின் கூலியைப் பற்றிப் பேசுவது அநாகரிகமாகிவிடுகிறது.

நாம் அநாகரிகமாகவே பேசுவோம். கணக்குப் பார்ப்போம்.

இலங்கையின் தேசியக் குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. எட்டு மணித்தியாலத்தால் வகுத்தால் மணிக்கு 150 ரூபா. ஒரு குழந்தைச் சட்டையைத் தைத்து, நூல் வெட்டி, பொத்தான் வைத்து, மடித்து முடிக்க 20 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், குறைந்தபட்ச வேதனத்தின்படியே 50 ரூபா தரவேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. அதிலிருந்து நூல் அவர் செலவு. ஊசி முறிந்தால் அவர் செலவு. மெஷின் பழுதுபட்டால் அவர் செலவு. மூட்டையை எடுத்துவரும் முச்சக்கர வண்டிக் கூலியும் பல நாட்களில் அவர் செலவு. கறை பட்ட சட்டைக்குக் கூலி வெட்டு. கறை பட வைத்தது பிள்ளையின் கை என்றால் தாய்தானே பொறுப்பு என்பது தரகரின் நியாயம்.

மின்சாரக் கட்டணமும் அவர் தலையில். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது மெஷினின் மோட்டாரைக் கழற்றிவிட்டு மீண்டும் காலால் மிதிக்கத் தொடங்கியதாகச் சொன்னார். அந்த ஆண்டு ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவில் உயர்ந்த பின்னர் மோட்டாரை மீண்டும் பூட்டவே இல்லை. கூலி உயர்ந்ததா என்றேன். "வேற ஆளுங்க இருக்காங்கன்னு சொல்றாங்க ஐயா" என்றார்.

ஒரு தொழிற்சாலை நடத்துபவர் கட்டடத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். மின்கட்டணம் கட்ட வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் செலுத்த வேண்டும். மகப்பேற்றுக்கு 84 நாள் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளுக்கு இரு இடைவேளை விட வேண்டும். வேலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இவை அத்தனையும் ஒரேயடியாக மிச்சம். அந்த மிச்சத்தைக் கொடுப்பவர்கள் கிராண்ட்பாஸின் தாய்மார். குழந்தைச் சட்டை மலிவாகக் கிடைப்பதன் இரகசியம் இதுதான்.

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, பிள்ளையை விட்டுப் போக முடியாததால் அவர்களாகவே விரும்பித்தானே செய்கிறார்கள்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். இது வலுவான கேள்வி. வீட்டில் தைப்பதை ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் அருகில் இருப்பதைப் பல தாய்மார் உண்மையாகவே விரும்புகிறார்கள். தையல் அவர்களுக்குத் தெரிந்த, அவர்கள் பெருமைப்படும் கலை. ஆனால் விருப்பம் என்று சொல்ல மாற்று வழி ஒன்று இருக்க வேண்டும். பக்கத்தில் நம்பி விடக்கூடிய, கட்டக்கூடிய கட்டணத்தில் ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இருந்து, அதற்குப் பிறகும் ஒருவர் வீட்டில் தைத்தால் அது விருப்பம். இல்லாதபோது அது ஒரே கதவுள்ள அறை.

இந்தப் பெண்ணின் தாயார் மலையகத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். தோட்டத்துரைமாரின் கருணையைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்த லயன்களின் கதையை எழுதியே என் பேனா தேய்ந்தது. ஆயினும் அங்கே 'பிள்ளை மடுவம்' என்று ஒன்று இருந்தது. குறைகள் நிறைந்ததுதான். ஆனால் காலையில் பிள்ளையை விட்டுச் செல்ல ஓர் இடமும் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் இருந்தார்கள். பிள்ளையை யாராவது பார்த்தால்தான் கொழுந்து பறிபடும் என்பது துரைக்குத் தெரிந்திருந்தது. எனவே அந்தச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. தாய்க்குக் கிடைத்த அந்த மடுவம் நகரத்துக்கு வந்த மகளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு தலைமுறையில் நாம் கண்ட முன்னேற்றம் இது!

நமது புள்ளிவிபரங்களிலும் இவருக்கு இடமில்லை. இலங்கையில் உழைக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருப்பதாகக் கணக்குகள் கூறுகின்றன. எஞ்சியோர் 'பொருளாதார ரீதியில் செயற்படாதோர்'. வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் "வேலை செய்கிறீர்களா?" என்ற கேள்விக்கு இவர் என்ன சொல்வார்? "இல்ல, வீட்டுலதான் இருக்கேன்" என்பார். என்னிடமும் முதலில் அப்படித்தான் சொன்னார். அவர் பக்கத்தில் அறுபது சட்டைகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன.

சட்டத்தால் முடியாத காரியமா இது? சர்வதேச தொழில் அமைப்பு 1996 இலேயே வீட்டு வேலைத் தொழில் பற்றிய 177 ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டில் இருந்து உழைப்பவருக்கும் மற்றத் தொழிலாளருக்கும் கூலியிலும் மகப்பேற்றுப் பாதுகாப்பிலும் சமமான நடத்துகை வேண்டும் என்பது அதன் சாரம். அதற்காக உலக அரங்கில் வாதாடியவர்களுள் முன்னின்றவர் அகமதாபாத்தில் 1972 இல் 'சேவா' அமைப்பைத் தொடங்கிய இலா பட் அம்மையார். ஆனால் தெற்காசிய நாடு ஒன்றுகூட அதனை ஏற்று உறுதிப்படுத்தவில்லை, இலங்கையும் இல்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணம் 2018 இல் வீட்டில் இருந்து உழைப்போருக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்னதாக, இந்தியாவின் 1966 ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டம், முதலாளியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ மூலப்பொருள் வாங்கி வீட்டில் பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்று வரையறுத்தது. திருநெல்வேலிப் பக்கத்துத் திண்ணைகளில் சுற்றிய பெண்களுக்கு அந்த வரையறை ஒரு பிடிமானமாயிற்று. இலையும் தூளும் கொடுத்தவர் முதலாளி என்றால், வெட்டிய துணி கொடுப்பவர் யார்?

நம் நாட்டிலேயே, துண்டுக் கணக்கில் கூலி பெறுபவரும் ஊழியர் சேமலாப நிதிக்கு உரியவர் என்று தொழில் திணைக்களம் கூறுகிறது. 1958 ஆம் ஆண்டுச் சட்டம் அது. இல்லாதது, துணி கொடுத்தவரின் பெயர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். தரகர் வாய்வார்த்தையில் கொடுக்கிறார், வாய்வார்த்தையில் வெட்டுகிறார். பிணக்கு வந்தால் தொழில் அலுவலகத்தில் காட்டுவதற்கு இவர் கையில் ஒன்றுமில்லை.

ஆகவே நான் கேட்பது மூன்று. முதலாவது, வீட்டுக்குத் துணி அனுப்பும் ஒவ்வொரு வியாபாரியும் ஒரு கொப்பி கொடுக்க வேண்டும். எத்தனை துண்டு, என்ன கூலி, யாருடைய துணி என்று அதில் எழுத வேண்டும். அதனைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். இரண்டாவது, துண்டுக் கூலியைக் குறைந்தபட்ச வேதனத்தோடு பிணைக்க வேண்டும். நூலும் மின்சாரமும் கூலியில் சேராத தனிச் செலவாகத் தரப்பட வேண்டும். மூன்றாவது, கொழும்பு மாநகர சபை இத்தோட்டங்களின் நடுவே பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களைத் திறக்க வேண்டும். முழு நாளும் வேண்டாம், நான்கு மணித்தியாலம் திறந்திருந்தாலே போதும். கத்தரிக்கோல் இல்லாத தரையில் ஒரு குழந்தை நான்கு மணித்தியாலம் தவழட்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். தையல் இயந்திரம் வாங்கிக் கொடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அடுத்த தடவை பத்து இயந்திரங்களுக்குப் பணம் சேர்க்கும்போது, அதில் ஐந்தைக் குறைத்து ஓர் ஆயாவின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். அதைப் படம் எடுத்துப் போட முடியாது; பொன்னாடை போர்த்த முடியாது. ஆனாலும் ஐந்து இயந்திரங்களால் முடியாததை அது செய்யும்.

நான் விடைபெறும்போது மூட்டை கொண்டுபோக ஆள் வந்துவிட்டார். சட்டைகளை எண்ணிக் கொடுப்பதற்காக அவர் எழுந்தார். மெஷின் நின்றது. ஏணை அசைந்தது. பிள்ளை எழும்பிவிட்டது.

அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஒரு கையால் ஏணையை ஆட்டிக்கொண்டே மறு கையால் எண்ணினார். இரண்டு தடவை கணக்குத் தவறியது. மூன்றாம் தடவை நான் எண்ணிக் கொடுத்தேன். நாற்பது ஆண்டுக்காலம் அந்தப் படத்துக்குக் கீழே வரி எழுதியவன் இந்தத் தொழிலுக்குச் செய்த முதல் உதவி அதுதான்.