முந்திரிக்கொட்டையும் மோட்டார் வண்டியும்

எதற்கும் முன்னால் வந்து மூக்கை நீட்டுகிறவனை 'முந்திரிக்கொட்டை' என்று சொல்வது தமிழ் நாட்டு வழக்கம். பழத்துக்குள் அடக்கமாக இருக்க வேண்டிய விதை, வெளியே வந்து தொங்கிக்கொண்டிருப்பதனால் ஏற்பட்ட பெயர் அது. முந்திரிக் காடுகளுக்கு நடுவே வசிக்கும் வரதராஜன்பேட்டைவாசிகளாகிய நாம் இந்தப் பழிச்சொல்லைக் கேட்டு வருத்தப்படுவதில்லை. அந்தக் கொட்டையை விற்றல்லவா இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள்!

ஆனால் சென்ற வாரம் நம் வீட்டுத் திண்ணைக்கு இரண்டு கால் முளைத்த முந்திரிக்கொட்டை ஒன்று வந்து சேர்ந்தது. சில வருஷங்களுக்கு முன் நம்மிடம் பௌதிகம் படித்த பையன்தான். கெட்டிக்காரன். ஒரு பழைய மாருதி 800 வண்டியை வாங்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

"ஸார், இந்த வண்டி கிளம்புகிறபோது எருமை மாடு எழுந்திருக்கிற மாதிரி இருக்கிறது. இதை அம்பு போல் பாயச் செய்ய வேண்டும். கியர்ப் பெட்டியைப் பிரித்து, வேறு பல் சக்கரம் போட்டால் முடியும் என்கிறார்கள். கூலியும் சாமானும் சேர்த்து 40,000 ரூபாய். அம்மாவின் சங்கிலியை பாங்கில் வைத்தால் கிடைத்துவிடும். நீங்கள் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான்.

அந்த அம்மாளை நமக்குத் தெரியும். அவர் கையில் முந்திரிப் பால் பட்ட கறுப்பு எந்த மாதத்திலும் மறைவதில்லை. அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எத்தனை படி கொட்டைக்குச் சமானம் என்பது அவருக்கே வெளிச்சம். ஆகையால், கணக்கைப் போடத்தான் வேண்டும் என்று தீர்மானித்தோம். உபதேசத்தைக் காட்டிலும் கணக்குக்கு வாலிபர்களிடம் மரியாதை அதிகம்.

நேயர்களில் மோட்டார் சாஸ்திரம் அறியாதவர்கள் பயப்பட வேண்டாம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். நாம் கலாசாலையில் படித்த காலத்தில் ஒரு சைக்கிள் வைத்திருந்தோம். முன்னால் மிதிக்கும் சக்கரத்தில் 44 பல். பின்னால் 18 பல். ஒரு முறை மிதித்தால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வேகத்தில் மோகம் கொண்டு, பின்னால் 16 பல் சக்கரத்தை மாட்டினோம். இப்போது ஒரு மிதிக்கு இரண்டே முக்கால் சுற்று! சமதரையில் பறந்தோம். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒரு சிநேகிதரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு புறப்பட்டோம். இராஜேந்திர சோழன் வெட்டுவித்த பொன்னேரியின் கரைமேல் ஏறும்போது வண்டி நின்றே போய்விட்டது. சிநேகிதர் இறங்கித் தள்ள, நாம் மிதிக்க, அவ்வழியே சென்ற ஆட்டுக்காரப் பையன் சிரிக்க, அன்றுதான் பல் சக்கரத்தின் தர்மம் நமக்கு விளங்கிற்று. வேகத்தில் வாங்கினால் பலத்தில் கொடுக்க வேண்டும். பலத்தில் வாங்கினால் வேகத்தில் கொடுக்க வேண்டும். இந்தக் கடையில் இனாம் கிடையாது.

மோட்டாரிலும் இதே நியாயந்தான். எஞ்சின் உண்டாக்கும் முறுக்கு விசை, கிளச் வழியாகக் கியர்ப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து கடைசிப் பல் சக்கர ஜோடிக்கு வந்து, பிறகுதான் சக்கரத்தைச் சேருகிறது. அம்பாஸடர் போன்ற பழைய வண்டிகளில் இந்தக் கடைசி ஜோடி பின் அச்சில் இருக்கும். பட்டறைக்காரர்கள் 'கிரௌன் பினியன்' என்பார்கள். மாருதி 800-இலோ, முன் சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன; கடைசி ஜோடியும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் குடியிருக்கின்றன. ஒன்றை மாற்ற வேண்டுமானால் குடித்தனம் முழுவதையும் கலைக்க வேண்டும்.

கரும்பலகை இல்லாத குறையைத் திண்ணைச் சுவர் தீர்த்து வைத்தது. கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, எஞ்சின் 4 முறை சுற்றினால் சக்கரம் 1 முறை சுற்றும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டோம். அதை நாலரைக்கு ஒன்றாக மாற்றினால், சக்கரத்தை வந்தடையும் விசை எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டரை. பையனின் முகம் மலர்ந்தது.

"பொறு, தம்பி! இது வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தைப் பார்" என்றோம்.

மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது முன்பு நிமிஷத்துக்கு 3,000 முறை சுற்றிய எஞ்சின், இனி அதே வேகத்துக்கு 3,375 முறை சுற்ற வேண்டும். சத்தம் கூடும்; சூடு கூடும்; சாதாரணப் பிரயாணத்தில் பெட்ரோலும் கூடுதலாகவே குடிக்கும். எஞ்சின் 5,000 சுற்றுக்குமேல் தாங்காது என்று வைத்துக்கொண்டால், முன்பு 133 கிலோமீட்டர் வரை எட்டக்கூடிய வண்டி இப்போது 118-இலேயே மூச்சு வாங்கி நிற்கும். அது மட்டுமா? கிடைத்த எட்டில் ஒரு பங்கும் முழுமையாகக் கைக்கு வராது. எஞ்சின் தன் சொந்த உறுப்புகளையும் முன்னைவிடச் சீக்கிரம் சுழற்றியாக வேண்டுமே; அதற்கென்று கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

இங்கே இன்னொரு வேடிக்கை இருக்கிறது. எஞ்சினுடைய பின்புறத்தில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் உண்டு. எஞ்சின் குலுங்காமல் சுற்றுவது அதனால்தான். முதல் கியரில் எஞ்சின் 14 முறை சுற்றினால் வண்டிச் சக்கரம் ஒரு முறை சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஃப்ளைவீலின் சுழல் மந்தம் வண்டிச் சக்கரத்தில் 14 மடங்காக அல்ல, பதினாலைப் பதினாலால் பெருக்கி, 196 மடங்காகத் தெரியும்! அதனால்தான் பந்தயக்காரர்கள் அதைக் கடைந்து இலேசாக்குகிறார்கள். ஆனால் இலேசாக்கிய வண்டி, சந்தைத் தெருவில் ஊர்ந்து போகும்போது திக்கித் திக்கி நின்றுவிடும். பந்தயக் குதிரையைப் பாரவண்டியில் பூட்டினால் எப்படி இருக்கும்?

"சரி ஸார், விசை கூடினால் போதும். மற்றதைப் பொறுத்துக்கொள்கிறேன்" என்றான் பையன்.

"விசை கூடட்டும். அதைத் தரை வாங்கிக்கொள்ள வேண்டாமா?" என்று கேட்டோம்.

சேற்றில் கால் வழுக்கும் காளையை எத்தனை அடித்தாலும் வண்டி நகருமா? டயர் தரையைப் பிடிக்கும் பிடிக்கும் ஓர் எல்லை உண்டு. சக்கரத்தின்மேல் எவ்வளவு பாரம் அழுத்துகிறதோ, அதைப் பொறுத்தது அது. வண்டி வேகமாக முன்னே பாயும்போது பாரம் பின் சக்கரத்தின்மேல் சாய்கிறது. பின் சக்கரம் தள்ளும் வண்டிக்கு அது அநுகூலம். முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கோ, பிடி மிகவும் வேண்டியிருக்கும் அந்த நேரத்தில்தான் பிடி தளர்கிறது. மேலும், ஏரியில் நீர் ஏறினால் கரை நலிந்த இடத்தில்தான் உடைப்பு எடுக்கும். கூடுதல் விசையில் கடைசி ஜோடியின் பல் முறியலாம். பல் தாங்கினால் அச்சு முறியும். 40,000 ரூபாய் என்பது முதல் தவணை மட்டுமே.

பிறகு, நெடுநேரமாகக் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டோம். "எங்கே பாயப் போகிறாய், தம்பி?"

அவன் தயங்கிவிட்டு, "ஜயங்கொண்டம் ரோட்டில்தான், ஸார். சிநேகிதர்களோடு ஒரு பந்தயம். இரவு பத்து மணிக்குமேல் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது" என்றான்.

ஆள் நடமாட்டம் இல்லையாம்! அரியலூர்ச் சீமையின் சுண்ணாம்புக் கல்லையும் சிமெண்டையும் ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் லாரிகள் ஓடுகின்றன. காட்டுக் காவல் முடிந்து விளக்கில்லாத சைக்கிளில் திரும்புகிற கிழவர் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய் இருக்கிறாள். திண்ணைச் சுவரில் மறுபடியும் எழுதினோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு எதிரே ஓர் ஆள் தென்பட்டால், திடுக்கிட்டு பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு வினாடி போய்விடும். அதற்குள் 11 மீட்டர், பிறகு நிற்பதற்கு நல்ல ரஸ்தாவில் ஏறக்குறைய 10 மீட்டர், ஆக 21. அதே வண்டி 60-இல் வந்தால் 17-உம் 23-உம் சேர்ந்து 40 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு. நிற்கும் தூரமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீ மாற்றப் போகும் பல் சக்கரம் வேகத்தை முந்திக் கொண்டுவரும். நிறுத்தும் தூரத்தில் ஓர் அடியைக்கூடக் குறைத்துத் தராது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதையும் சொன்னோம். வண்டியைத் தயாரித்தவர் குறித்த விவரத்துக்கு மாறாக அதை மாற்றக் கூடாது என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ஆம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தத்தின்படி, அநுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. பொது ரஸ்தாவில் பந்தயம் விடுவது தனிக் குற்றம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யவும் இடமுண்டு.

பையன் வெகு நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்படியானால் வேகத்துக்கு ஆசைப்படுவதே தப்பா, ஸார்?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வி நம்மைச் சற்றுத் திகைக்க வைத்தது. வாலிபனுடைய ஆசையை அணைப்பதற்கா பௌதிகம் படித்தோம்? ஆகவே அவனுக்குக் கோயமுத்தூர்க் கதை ஒன்றைச் சொன்னோம்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்தத்துக்காகப் போடப்பட்ட விமானத்தளம் ஒன்று இருந்தது. யுத்தம் முடிந்த பிறகு, அங்கே பல வருஷங்கள் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. அந்தக் காலத்தில் நம் நாட்டில் விலைக்குக் கிடைத்த வண்டிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவற்றையே பிரித்து, கடைந்து, இழைத்து, ஓட வைத்தவர்கள் நம்மவர்கள். அவர்களில் ஒருவர், கோயமுத்தூரில் ஆலை முதலாளிகள் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன். 1988-இல் அவர் 'பார்முலா மாருதி' என்ற பந்தய வண்டியைக் கொண்டுவந்தார். அதன் எஞ்சின் எது தெரியுமா? நம் பையன் வாசலில் நிறுத்தியிருந்த வண்டியில் இருக்கும் அதே 796 ஸி.ஸி., மூன்று ஸிலிண்டர் எஞ்சின்தான்! கரிவரதன் வீண் பாரத்தைக் கழித்தார்; ஒருவர் மட்டும் உட்காரும் கூட்டைச் செய்தார்; எஞ்சினை ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் வைத்தார். விசையைக் கூட்டுவது ஒரு வழி. எடையைக் குறைப்பது இன்னொரு வழி என்பது நியூட்டன் சொன்ன சூத்திரமல்லவா?

1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை அமைந்தது. பார்முலா மாருதியில் பழகிய கோயமுத்தூர் இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-இல் விமான விபத்தில் காலமாகிவிட்டார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்நிய நாட்டு வண்டி வந்தால்தான் பந்தயம் என்று காத்திராமல், நம் தேசத்தில் கிடைத்த எஞ்சினைக்கொண்டே ஒரு தலைமுறையைப் பழக்கியவர் அவர். சுதேசியம் என்பது இதுவன்றி வேறு என்ன?

"ஆகையால், தம்பி, வேகம் தப்பில்லை. வேகத்துக்கு ஓர் இடம் வேண்டும். அங்கே தலைக் கவசம் உண்டு, தடுப்பு உண்டு, டாக்டர் உண்டு, எதிரே கிழவர் வருவதில்லை" என்றோம்.

மறு நாள் வண்டியை உள்ளூர்ப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு ரகசியம் வெளிப்பட்டது. கிளச் தகடு தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. காற்று வடிகட்டியில் ஒரு மரக்கால் புழுதி. ஒரு பிரேக் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. டயரில் காற்றுக் குறைவு. பின்னால், முன் சொந்தக்காரர் விட்டுப்போன இரும்புச் சாமான் இரண்டு மூட்டை! எருமை எழுந்திருக்கச் சோம்பல்பட்டது உண்மைதான். ஆனால் அதன் காலைக் கட்டிப் போட்டிருந்தோம் என்பதும் உண்மை. தேய்ந்ததை மாற்றி, கட்டை அவிழ்த்ததும், வண்டி தனக்கு ஆதியில் இருந்த சுறுசுறுப்பைத் திரும்பப் பெற்றது. செலவு, அவன் சொன்ன தொகையில் கால் பங்கு. சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தாயாரை அதே வண்டியில் அழைத்து வந்தான். இறங்கியதும் அந்த அம்மாள் நம்மிடம், "வாத்தியாரய்யா, வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் இவன்தான் முன்போல் வேகமாக ஓட்டுவதில்லை, என்னவோ கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறான்" என்றார்.

இருங்காட்டுக்கோட்டையில் அடுத்த பந்தயம் எப்போது என்று பையன் விசாரித்துக்கொண்டிருக்கிறான். நம்மையும் கூட வரச் சொல்லுகிறான். போகலாம் என்றுதான் இருக்கிறோம். முந்திரிக்கொட்டை வெளியே தொங்குவதில் தோஷம் ஒன்றுமில்லை; தொங்க வேண்டிய மரத்தில் தொங்கினால் சரி.